இடது கால், ஒரு புழு

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சனோபரும் அவள் கணவன் நேமத்தும் சேர்ந்து, தெருக்கதவை ஒட்டிய நடையின் மூலையில் இருந்த பெரிய தண்ணீர்த் தாழியைச் செங்கல் பொடி போட்டுத் தேய்த்துக் கழுவி, ஈரம் வடியட்டும் என்று குப்புறக் கவிழ்த்து வைத்தார்கள். பிறகு நேமத் காகான் ரயில் நிலையத்து வேலைக்குக் கிளம்பிப் போனான். இனி அடுத்த வெள்ளிக்குத்தான் வருவான். சனிக்கிழமை விடியலில் தேநீருக்குத் தண்ணீர் எடுக்கச் செம்போடு வந்த சனோபர், நடையில் கால் வைத்ததும் நின்றாள். தாழி நிமிர்ந்து நின்றது. கழுத்து வரை தண்ணீர், மேலே மரமூடி, சுற்றித் தரையெல்லாம் ஈரம்.

தெருக்கதவின் தாழ்ப்பாள் அவள் ராத்திரி போட்டபடியே கிடந்தது. மூடியை எடுத்துக் குனிந்து பார்த்தாள். தெருமுனைக் குழாய்த் தண்ணீருக்கு ஓர் இரும்பு வாசனை உண்டு. புகாரா நகரமே அதைத் திட்டிக்கொண்டேதான் குடித்தது. இந்தத் தண்ணீரில் அது இல்லை. நனைந்த தோலும், பட்டுப்புழு தின்னும் முசுக்கட்டை இலையும், அடியில் கிளறிவிட்ட சேறும் கலந்த பழைய வாசனை ஒன்று எழுந்து வந்தது. இந்த வீட்டுக்கு மணப்பெண்ணாக வந்த புதிதில் தினமும் விடிந்ததும் அவள் மூக்கில் ஏறிய அதே வாசனை, முசுக்கட்டைக் குளத்தின் வாசனை. அந்தக் குளத்தை வற்றடித்து ஒன்றரை வருஷம் ஆகிறது.

"மாமி, தாழியை யாரு நிமிர்த்தினது?"

மாமியார் ராபியா உள்ளறையில் கம்பளிக்குள்ளிருந்தே பதில் சொன்னாள். "நான்தான். ராத்திரி எழுந்து குஸ்தி பழகினேன். ஏண்டி, என் முட்டி இருக்கற லட்சணத்துக்கு நான் தாழியைத் தூக்குவேனா?"

"அப்போ தண்ணி எப்படி வந்துச்சு?"

"தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்ப்பியா நீ? வந்துச்சில்ல, அடுப்பை மூட்டு."

சனோபர் அந்தத் தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்தாள். கொதித்த தண்ணீர் ஒன்றும் செய்யாது என்பது அவளுக்குத் தெரியும். அதைத் தெருத்தெருவாகப் போய்ச் சொல்வதுதான் அவளுடைய உத்தியோகம். ஆனாலும் தேநீர்க் கிண்ணத்தை உதட்டருகே கொண்டுபோனவள், குடிக்காமல் கீழே வைத்துவிட்டாள்.

நகரத்து வைத்திய ஆய்வுநிலையத்தில் அவளுக்கு நூல்புழுக் கணக்கெடுக்கும் வேலை. புகாராக்காரர்கள் அந்தப் புழுவை ரிஷ்தா என்பார்கள். நூல் என்று பொருள். குளத்துத் தண்ணீரில் மிதக்கும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத தெள்ளுப்பூச்சியை ஒருவர் விழுங்கினால், சரியாக ஒரு வருஷம் கழித்து அவர் காலில் கொப்புளம் கிளம்பும். எரிச்சல் தாங்காமல் காலைத் தண்ணீரில் வைத்தால் கொப்புளம் உடைந்து, அரிசிச் சேமியா போல வெள்ளையாகப் புழுவின் தலை எட்டிப் பார்க்கும். அதைக் குச்சியில் சுற்றி, நாளுக்கு இரண்டு விரற்கடை வீதம், பொறுமையாக வெளியே எடுக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் அறுந்துபோகும், அறுந்தால் மிச்சம் உள்ளேயே அழுகும். ஒரு முழம் நீளத்துக்கு வரும். மூன்று முழம் வந்ததையும் சனோபர் பார்த்திருக்கிறாள்.

ஆண் வைத்தியர்கள் உள்ளறைகளுக்குள் போக முடியாது. அதனால் பெண்களின் கால்களைப் பார்ப்பதும், வீட்டுக்கு வீடு பதிவட்டை எழுதுவதும் அவள் பொறுப்பு. எத்தனை அட்டைகள்! அவள் சேர்வதற்கும் முன்னால், நாலு வருஷத்துக்கு முன், ஒரு பெட்டி நிறைய இருந்தது, போன வருஷம் ஒரு கை அளவு, இந்த வருஷம் ஒன்றுகூட இல்லை. வருகிற வியாழக்கிழமை நிலையத்தின் தலைவர் டாக்டர் ஸுபோவ், முசுக்கட்டைக் குளத்து வட்டாரம் சுத்தம் என்று கையெழுத்துப் போடப் போகிறார். அதன்பின் அங்கே யாரும் யார் காலையும் பார்க்கப் போவதில்லை. அதற்குமுன் ஒரு கடைசிச் சுற்று பாக்கி இருந்தது, அதை அன்றைக்கே முடித்துவிடுவோம் என்று அவள் முக்காட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

முதல் வீடு சாயக்காரர் வீடு. அவர் மனைவி மைராம் ஊர்வம்புக்குப் பேர்போனவள். சனோபரைக் கண்டதும் வாய் நிறையச் சிரித்தாள்.

"வாடியம்மா புழுக்காரி! உன்னைக் கண்டாலே காலை மடக்கிக்கத் தோணுது. இந்தா, நீயே பாரு. ரெண்டு நாளா இந்த இடத்துல கொள்ளிக்கட்டையை வெச்ச மாதிரி எரியுது."

இடது கணுக்காலுக்கு மேலே, ஒரு பட்டாணி அளவுக்குக் கொப்புளம். சனோபர் விரலால் சுற்றிலும் அழுத்திப் பார்த்தாள். தோலுக்கடியில் சுருண்டு கிடந்த ஒன்று மெல்ல நகர்ந்து கொடுத்தது. எத்தனையோ தடவை தொட்டுப் பார்த்ததுதான், ஆனால் இன்றைக்கு அவள் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

"மைராம், போன வருஷம் முசுக்கட்டை பழுத்த சமயத்துல நீ வெளியூர் எங்கேயாவது போனியா?"

"நான் எங்கேடி போறேன்? இந்த முற்றம்தான் எனக்கு மக்கா, இதுதான் மதீனா."

"எந்தத் தண்ணி குடிச்சே?"

"தண்ணிக்காரர் கொண்டுவந்து ஊத்தற தண்ணி."

"தண்ணிக்காரங்க யாரும் இப்போ இல்லையே. எல்லாரும் குழாய்லதானே பிடிக்கறீங்க?"

மைராம் குரலைத் தாழ்த்தினாள். "உன்கிட்ட சொன்னா எழுதிடுவேன்னு பயந்து யாரும் சொல்லல. விடியறதுக்கு முன்னால ஒருத்தர் வர்றார். அந்த இரும்புத் தண்ணி யாருக்கு வேணும்? ஊத்திட்டுப் போகட்டும்னு விட்டுட்டோம்."

"யாரு? முகம் எப்படி இருக்கும்?"

"முகமா? நல்லா கேட்டே போ. வாசல்ல இருமல் சத்தம் கேட்டதும் பொம்பளைங்க உள்ளே ஓடி ஒளிஞ்சுக்க வேண்டாமா? நீ எந்த ஊர்ல வளர்ந்தே?"

அவள் சொன்னது சரிதான். தலைமுறை தலைமுறையாக அப்படித்தான். தண்ணீர்க்காரர் நடையில் நுழைந்ததும் ஒருமுறை இருமுவார், பெண்கள் திரைக்குப் பின்னால் போய்விடுவார்கள். அவர் முதுகில் சுமந்து வந்த தோல்துருத்தியைத் தாழியில் கவிழ்த்துவிட்டுப் போவார். இருபது வருஷம் தண்ணீர் குடித்த வீட்டில்கூட எந்தப் பெண்ணும் அவரை முகம் பார்த்திருக்க மாட்டாள்.

"நடை எப்படி இருக்கும்?" என்று சனோபர் கேட்டாள். ஏன் கேட்டோம் என்று உடனே வருந்தினாள்.

"நடையா? ஒரு கால் வைப்பார், இன்னொண்ணைத் தேய்ச்சு இழுப்பார். தொப்... சர்ர். தொப்... சர்ர். ஏண்டி, ஏன் உன் முகம் வெளுக்குது?"

அடுத்த மூன்று வீடுகளில் மூன்று கொப்புளங்கள். மூன்றும் இடது காலில். கூடு கலைந்த எறும்பு மாதிரி சனோபர் அந்தச் சந்தில் இங்குமங்கும் நடந்தாள், பிறகு ஒரு சுவரில் சாய்ந்து நின்று மூச்சு வாங்கினாள். காலை இழுத்து நடந்த தண்ணீர்க்காரர் அந்த வட்டாரத்தில் ஒருவர்தான் உண்டு. சஃபர் மஷ்கோப். மஷ்கோப் என்றாலே தண்ணீர் சுமப்பவர்தான். போன முசுக்கட்டைப் பருவத்தில் அவர் இறந்துபோய் ஒரு வருஷம் முடிந்துவிட்டது, அவர் சாவுக்குக் காரணம் அவள்.

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. நேமத்திடம்கூட.

ஒன்றரை வருஷத்துக்கு முந்தின இலையுதிர் காலம் அது, குளத்தை வற்றடிப்பதற்குச் சற்று முன். புழு வந்த தண்ணீர்க்காரர் குளத்தில் இறங்கக் கூடாது என்று உத்தரவு வந்திருந்தது. ஒருவன் கால் நனைத்தால் புழு தண்ணீரில் குஞ்சு விடும், அதை ஊரே குடிக்கும். சனோபர் வேலையில் சேர்ந்து அப்போது ஏழெட்டு மாதம்தான். பெயரெடுக்க வேண்டும் என்ற துடிப்பு. ஒருநாள் விடியலில் திரைக்குப் பின்னால் நின்றபடி, தன் வீட்டு நடையில் சஃபர் காலைத் தேய்த்து இழுக்கும் சத்தத்தைக் கேட்டாள். அன்றைக்குத்தான் அந்தச் சத்தம் அவளுக்குப் புதிதாகப் பட்டது. அவர் காலைப் பார்க்க அவளால் முடியாது; ஆண் வைத்தியரை அனுப்பச் சொல்லியிருக்கலாம், ஆனால் அதற்குப் பத்து நாள் ஆகும். அவள் அட்டையை எடுத்து எழுதினாள். சஃபர், தண்ணீர்க்காரர். இடது கால், ஒரு புழு.

மறுநாளே துருத்தியைப் பிடுங்கிக்கொண்டார்கள். சிறுவயதில் ஒட்டகம் உதைத்த கால் இது, பிறந்த ஊரில் கேட்டுப்பாருங்கள் என்று சஃபர் அழுதாராம். சனோபர் எழுதிய அட்டை தப்பியதே இல்லை, புழு சில சமயம் உள்ளேயே ஒளிந்திருக்கும், வெளியே வந்ததும் கொண்டுவந்து காட்டு, துருத்தியை வாங்கிக்கொண்டு போ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதுதான் விதி: புழுவைக் கண்ணாடிப் புட்டியில் போட்டுக் காட்டினால்தான் அட்டை முடியும். சஃபர் காத்திருந்தார். பனிக்காலம் முழுக்கக் காத்திருந்தார். பிறகு நாவிதரிடம் போனார். இருக்கிறது என்று சர்க்கார் சொல்கிறதே, தேடி எடுத்துக் கொடு என்றார். நாவிதர் கணுக்காலில் கீறினார், அங்கே இல்லை. கெண்டைக்காலில் கீறினார், அங்கேயும் இல்லை. ஆறு வாரம் தேடினார்களாம். கடைசியில் எலும்பு தெரிந்ததாம். இறந்த பிறகு அவர் மனைவி ஆய்வுநிலையத்து வாசலில் நின்று, "ஒரு நூல்கூட இல்லீங்க உள்ள, ஒரு நூல்கூட இல்ல" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்ததை சனோபர் ஜன்னல் வழியே கேட்டாள். கேட்டும் இறங்கிப் போகவில்லை. அந்த அட்டை இன்னும் முடியாமல் அவள் மேசை இழுப்பறையின் அடியில் கிடந்தது.

டாக்டர் ஸுபோவ் வெள்ளரிக்காய் கடித்துக்கொண்டே அவள் சொன்னதைக் கேட்டார். நல்ல மனிதர், ஆனால் நல்ல செய்திகளையே விரும்புகிறவர்.

"நாலு கொப்புளமா? கொசு கடிச்சதா இருக்கும்மா."

"தொட்டுப் பார்த்தேன் டாக்டர். நகருது."

அவர் கடிப்பதை நிறுத்தினார். விரல் விட்டு எண்ணினார். "ஒரு வருஷத்துக்கு முன்னால குடிச்சிருக்கணும். அப்போ குளம் காய்ஞ்சு ஆறு மாசம் ஆச்சே. எங்கேர்ந்து தண்ணி வந்துச்சு?"

"யாரோ ஒரு தண்ணிக்காரர் ஊத்தறார்னு சொல்றாங்க."

"எவன் அவன்? பேரு?"

சனோபர் வாயைத் திறந்தாள். பெயரைச் சொன்னால் இழுப்பறையைத் திறக்க வேண்டும். இழுப்பறையைத் திறந்தால், பார்க்காமலே எழுதினாயா என்று கேட்பார்கள். ஒரு மனிதனைக் காதால் கேட்டே கொன்றாயா என்று ஊர் கேட்கும். சொல்லாவிட்டால் வியாழக்கிழமை கையெழுத்து விழும், மைராமும் மற்றவர்களும் தினமும் அதைக் குடித்துக்கொண்டே இருப்பார்கள்.

"விசாரிச்சுச் சொல்றேன் டாக்டர்."

"நாளைக்குள்ள சொல்லு. உன் கணக்கு தப்பினதே இல்லையேம்மா" என்றார் அவர், தட்டிக்கொடுக்கிற குரலில். அவள் தன் மேசைப் பக்கம் பார்க்காமல் வெளியே நடந்தாள்.

வீட்டுக்கு வருகிற வழியில் குளத்துப் பக்கமாக நடந்தாள். சாயங்கால வெயில் இன்னும் மிச்சம் இருந்தது. நாற்புறமும் கல்படிகள் இறங்கும் அந்தப் பள்ளத்தின் அடியில் சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது; முசுக்கட்டைப் பழங்கள் உதிர்ந்து ஈ மொய்த்தன. தண்ணீர் ஒரு சொட்டுகூட இல்லை. அப்பாடா என்று திரும்பப் போனவள் கண்ணில் அது பட்டது. காய்ந்த அடித்தரையின் நட்ட நடுவிலிருந்து, படிகளின் மேலே அவள் நின்ற இடம் வரைக்கும், கல்லில் ஈரத் தடங்கள். வலது பாதம் ஒன்று முழுதாக. அதன் பக்கத்தில் ஈரத்துணியை இழுத்ததுபோல் ஒரு கோடு. மறுபடியும் பாதம். மறுபடியும் கோடு. அவளைக் கடந்து, அவள் வீடு இருக்கும் சந்துக்குள் அது திரும்பியது.

அவள் ஓடவில்லை. ஓடினால் பின்னால் யாரோ வருகிறார்கள் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும்.

வீட்டில் ராபியா நடையில் உட்கார்ந்து, தாழியிலிருந்து கிண்ணத்தில் மொண்டு, பச்சைத் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தாள்.

"மாமி! கொதிக்க வைக்காம குடிக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

"போடி. ஒரு வருஷமா குடிக்கறேன், எனக்கு என்ன ஆச்சு? நீயும்தான் குடிக்கறே, உனக்கு என்ன ஆச்சு?"

சனோபர் கிண்ணத்தைப் பிடுங்கினாள். "நானா?"

"பின்னே? உன் கூஜாவுல தினமும் ராத்திரி நான் எதை ஊத்தி வைக்கறேன்னு நினைச்சே? ஒரு செம்பு குழாய்த் தண்ணி கலந்துட்டா வாசனை தெரியாது. தாழி நிறைய அங்கேர்ந்து சுமந்து வர எனக்கு என்ன ரெண்டு இடுப்பா இருக்கு? அந்த மனுஷன் பாவம், விடியறதுக்குள்ள வந்து ஊத்திட்டுப் போறார். காசு கேக்கறதில்ல, பேச்சு கொடுக்கறதில்ல. நீ தூங்கிட்டு இருப்பே. சொன்னா அட்டை எழுதுவே, அதான் சொல்லல. நேத்து நீங்க தாழியைக் கவிழ்த்து வெச்சதுகூட அவரைத் தடுக்கல பாரு."

சனோபர் ஒரு கண்ணாடிக் குவளையில் தாழித் தண்ணீரை மொண்டு, முற்றத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். தெளிவாகத்தான் இருந்தது. நன்றாகப் பார்த்தபோது, தெளிவுக்குள்ளே வெள்ளைப் புள்ளிகள் வெட்டி வெட்டித் துள்ளின. நூறு இருக்கும். ஒரு மடக்குத் தண்ணீரில் இத்தனையை எந்தக் குளத்திலும் அவள் கண்டதில்லை. குவளைத் தண்ணீரைத் தரையில் கொட்டினாள்.

இறைச்சி இடிக்கிற உலக்கையை எடுத்து வந்து தாழியை உடைத்தாள். ராபியா தலையில் அடித்துக்கொண்டு கத்தினாள், என் மாமியார் காலத்துத் தாழி, குடிகெடுக்க வந்தவளே என்றாள், கடைசியில் அழுதுகொண்டே போய்ப் படுத்துவிட்டாள். தண்ணீர் நடையெல்லாம் ஓடியது. சனோபர் சில்லுகளை ஒன்று விடாமல் பொறுக்கி முற்றத்தின் கோடியில் குவித்தாள். தெருக்கதவில் தாழ்ப்பாளைப் போட்டு, நேமத்தின் துணிப்பெட்டியை இழுத்து முட்டுக் கொடுத்தாள். அதற்குப் பிறகுதான் கவனித்தாள், இடது குதிகாலுக்கு மேலே அரித்தது. விளக்கைத் தாழ்த்திப் பார்த்தாள். தோல் லேசாகச் சிவந்திருந்தது. தண்ணீரில் நின்றதால் இருக்கும்.

அன்றிரவு அவள் ஒரு புது அட்டை எழுதினாள். சஃபர், தண்ணீர்க்காரர். புழு இல்லை. காலைப் பார்க்காமல் பழைய அட்டையை எழுதியது நான். கீழே தன் முழுப் பெயரையும் எழுதினாள். காலையில் டாக்டரிடம் இதைக் கொடுத்துவிட வேண்டும், வேலை போனால் போகட்டும், ஊர் காறித் துப்பினால் துப்பட்டும். எழுதி முடித்ததும் ஒன்றரை வருஷத்தில் முதல் முறையாக மனசு கொஞ்சம் லேசானது. உள்ளறைக்கும் நடைக்கும் நடுவில் தொங்கிய திரைக்குப் பின்னால், அட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். குதிகால் எரியத் தொடங்கியிருந்தது.

கண் அயர்ந்துவிட்டாள் போலிருக்கிறது. விழித்தபோது திரையின் ஓரம் சாம்பல் நிறத்தில் தெரிந்தது. தொழுகை அழைப்புக்கு இன்னும் நேரம் இருந்தது. எங்கோ ஒரு கழுதை கத்தி ஓய்ந்தது, மாமியார் மூச்சு உள்ளே சீராக ஏறி இறங்கியது, முற்றத்தில் ஓர் இலை உருண்டது. அதற்குப் பிறகு எதுவும் இல்லை.

பிறகு தெருவில் அது கேட்டது.

தொப். சர்ர்.

தொப். சர்ர்.

துருத்தியில் தண்ணீர் தளும்பும் சத்தம். ஈரத்தோல் முதுகில் உரசும் சத்தம். கதவருகே வந்து நின்றது. அவள் தாழ்ப்பாளையே காது கொடுத்துக் கேட்டாள். தாழ்ப்பாள் அசையவில்லை. பெட்டி நகரவில்லை.

நடைக்குள்ளே, திரைக்கு அந்தப் பக்கம், இருமினார்.

அந்த ஒரு இருமலுக்கு அவள் உடம்பு தானாக ஒடுங்கியது. சின்ன வயதிலிருந்து பழகிய ஒடுக்கம். வாசனை வந்தது. தோல், சேறு, முசுக்கட்டை. அவற்றுக்கு அடியில் வேறொன்றும், வெயிலில் யாரோ மறந்து வைத்த இறைச்சி.

தண்ணீர் ஊற்றும் சத்தம் தொடங்கியது. தாழிக்குள் விழுகிற அதே சத்தம். முதலில் ஆழத்தில், பிறகு மேலே, மேலே, கழுத்துக்கு வந்து குறுகி, நின்றது. மூடியை வைக்கும் சத்தம்.

தாழிதான் உடைந்துவிட்டதே. சில்லுகள் முற்றத்தில் கிடக்கின்றனவே.

போகவில்லை அவர். மூச்சு கேட்டது.

"அண்ணே," என்றாள் சனோபர். அவளுக்கே கேட்காத குரல். "சஃபர் அண்ணே. நான்தான் எழுதினேன்."

திரையின் அடிப்பக்கம் ஈரத்தில் கறுத்தது.

"பார்க்காம எழுதிட்டேன். தப்பு. மாத்தி எழுதியிருக்கேன். இந்தாங்க." அட்டையைத் திரைக்கு அடியில் தள்ளினாள். ஈரத்தில் அது உரசிக்கொண்டு போனது. யாரோ குனிந்து எடுத்தார்கள்.

"எனக்குப் படிக்கத் தெரியாதே மகளே." சாந்தமான குரல். களைத்த குரல். "என்ன எழுதியிருக்கு?"

"புழு இல்லன்னு எழுதியிருக்கேன்."

சொட்டு விழும் சத்தம் மட்டும்.

"புழுவைக் காட்டாம அட்டையை முடிக்க மாட்டாங்களே மகளே."

"நான் பேசறேன். டாக்டர்கிட்ட நான்..."

"வேண்டாம். விதின்னா விதிதான். நானும் எங்கெங்கயோ தேடிப் பார்த்தேன்."

குதிகாலில் எரிச்சல் திடீரென்று நின்றது.

நின்ற இடத்தில் வேறு ஏதோ. வலி இல்லை. மெல்லிய இழுப்பு. தையல்காரர் நூலின் முனையைச் சுண்டிப் பார்ப்பது மாதிரி.

அவள் குனிந்து பார்க்கவில்லை. எழுந்து நின்று, கையை நீட்டித் திரையைப் பிடித்தாள். பிறந்ததிலிருந்து செய்யாத காரியம். ஒதுக்கினாள்.

ஈரத் தரையில், சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார் வயதான ஒரு மனிதர். வெள்ளைத் தாடி, நல்ல முகம், யாருக்கும் தகப்பனாக இருக்கக்கூடிய முகம். இடது கால் நீட்டியிருந்தது. முட்டிக்குக் கீழே கால் திறந்தே இருந்தது, பிரித்துப் போட்ட துணிமூட்டை போல, எலும்பு வரை, உள்ளே ஒன்றுமில்லாமல் சுத்தமாக. அவர் மடியில் ஒரு கண்ணாடிப் புட்டி தயாராக இருந்தது. கையில் ஒரு குச்சி. குச்சியில் வெள்ளையாக ஏதோ சுற்றியிருந்தது, ஏற்கெனவே கட்டைவிரல் பருமனுக்கு. அதன் மறுமுனை அவர் காலுக்குப் போகவில்லை. ஈரத் தரையைத் தாண்டி, திரைக்கு அடியில் நுழைந்து, இழுத்துக் கட்டிய நூலாக விறைத்து, அவள் இடது குதிகாலில் போய் முடிந்தது.

"ஆடாதே மகளே," என்றார் சஃபர், குச்சியை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டே. "அறுந்துட்டா செல்லாது. முழுசா கொண்டுபோனாத்தான் துருத்தியைத் திருப்பித் தருவாங்க."

உள்ளறையில் ராபியா புரண்டு படுத்தாள். "சனோபர், தண்ணி வந்துடுச்சா?"

சனோபர் ஒற்றைக் காலைத் தூக்கியபடி, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்றாள். அவர் இன்னொரு சுற்றுச் சுற்றினார். கெண்டைக்காலுக்கு உள்ளே, முட்டிக்கு உள்ளே, தொடைக்கு உள்ளே, அதற்கும் மேலே வயிற்றுக்குள் எங்கேயோ, சுருள் ஒன்று அவிழ்ந்து நகர்ந்தது. நூல் வந்துகொண்டே இருந்தது.